தரை மாறினால் சக்கரமும் மாறும்

(பனி வண்டியையும் நம் மலையில் ஓடிய ஒற்றைத் தண்டவாள வண்டியையும் பற்றிய ஒரு விஞ்ஞானப் பாடம்)



பனி என்றால் நமக்குத் தெரிந்தது மூடுபனிதான். போடிமெட்டு மலைப்பாதையில் விடியற்காலையில் எதிரே வரும் ஜீப்பின் விளக்கை மட்டும் காட்டி, ஜீப்பை மறைத்துவிடும் பனி அது. ஏலச்செடியின் இலையை நனைக்கும். வெயில் ஏறியதும் கலைந்து போகும். கனடா, நார்வே, ரஷ்யா போன்ற குளிர் நாடுகளில் பெய்யும் பனி வேறு. அது மாவைக் கொட்டியதுபோல் தரையில் விழுந்து, மாதக்கணக்கில் அப்படியே கிடக்கும். அங்கே சாதாரண மோட்டார் வண்டியின் சக்கரங்கள் புதைந்துவிடும். ஆகவே அந்நாட்டு மக்கள் ஸ்னோமொபைல் என்னும் பனி வண்டியை உபயோகிக்கிறார்கள். அதற்குத் தரையைத் தொடும் சக்கரமே கிடையாது. முன்னால் இரண்டு சறுக்குக் கட்டைகள், பின்னால் அகலமான ரப்பர் பட்டை, இவ்வளவுதான். காஷ்மீரத்தில் குல்மார்க்கிற்குச் சுற்றுலாச் செல்வோர் இதில் ஏறிப் பார்க்கலாம். சியாச்சின் பனிமலையில் காவல் புரியும் நம் ராணுவ வீரர்களுக்கும் இது உதவுகிறது.

பனி உருகிப் போனபின் இந்த வண்டியை என்ன செய்வார்கள்? கொட்டகையிலிருந்து பட்டறைக்கு எப்படிக் கொண்டு போவார்கள்? வெறும் தரையில் அதை இழுக்க நாலைந்து ஆட்கள் வேண்டும். எனவே வண்டி வைத்திருப்போர் வீட்டிலேயே பலகையும் இரும்புச் சட்டமும் சிறு சக்கரங்களும் கொண்டு ஓர் உருளும் தாங்கியைச் செய்து, வண்டியின் அடியில் கொடுத்துத் தள்ளிச் செல்கிறார்கள்.

'பனியே விழாத ஊரில் நமக்கு எதற்கு இந்தப் பாடம்?' என்று நீங்கள் கேட்கலாம். ஓரிடத்துக்கென்று அமைந்த வண்டியை வேறோர் இடத்தில் ஓட்டுவது எப்படி என்ற இதே கேள்விக்கு, நம் மலையின் உச்சியில் நூறாண்டுகளுக்கு முன்பே ஒரு விடை கண்டார்கள். அந்த விடையைப் புரிந்துகொண்டால் பனி வண்டியின் சக்கரமும் புரியும்; நம் வீட்டுத் தள்ளுவண்டியும் புரியும்; இறக்கத்தில் நிற்கும் லாரியின் டயருக்கு ஏன் கல் வைக்கிறார்கள் என்பதும் புரியும்.

1. சறுக்குவதும் உருளுவதும்

ஒரு பொருளைத் தரையில் இழுக்கும்போது தரை அதைப் பிடித்து நிறுத்தப் பார்க்கிறது. இதுவே உராய்வு. பொருளின் எடையில் எத்தனை பங்கு விசையால் இழுத்தால் அது சமதரையில் நகரும் என்பதைக் கொண்டு உராய்வை அளக்கிறோம்.

240 கிலோ எடையுள்ள ஒரு பனி வண்டியை எடுத்துக்கொள்வோம். கணக்குக்காகச் சில எண்களையும் வைத்துக்கொள்வோம். நல்ல பனியின்மேல் சறுக்குக் கட்டையின் உராய்வு எடையில் 100-ல் 5 பங்கு இருக்கலாம். அப்படியானால் 12 கிலோ விசை போதும், ஒருவரே இழுத்துவிடலாம். வெறும் மண்தரையில் உராய்வு எடையில் பாதி அளவுக்கு ஏறிவிடும். அப்போது 120 கிலோ விசை வேண்டும். அதே வண்டியைச் சிறு சக்கரங்கள்மேல் ஏற்றிச் சிமெண்டுத் தரையில் தள்ளினால் 100-ல் 3 பங்கு, அதாவது சுமார் 7 கிலோ விசையே போதும்.

120 எங்கே, 7 எங்கே! எடை ஒரு கிலோகூடக் குறையவில்லை. தரையும் பொருளும் ஒன்றையொன்று தொடும் விதம்தான் மாறியது. சறுக்கும்போது இரு பரப்புகளும் தேய்த்துக்கொண்டே செல்கின்றன. உருளும்போது சக்கரத்தின் விளிம்பு தரையில் ஓரிடத்தில் பதிந்து, தேய்க்காமல் எழுந்து போகிறது. தேய்ப்பு அச்சுக்குள் மட்டும் நடக்கிறது. அங்கே எண்ணெயிட்டு, குண்டுகள் உருளும் பேரிங்கைப் பொருத்தி, அதையும் குறைத்துவிடலாம். பழைய பேரிங்குகளைப் பலகையில் மாட்டிப் பிள்ளைகள் தெருவில் ஓட்டும் பேரிங் வண்டி இந்தத் தத்துவத்தில்தான் ஓடுகிறது.

2. டாப் ஸ்டேஷன் செல்லும் ஒற்றைத் தண்டவாளம்

போடியிலிருந்து குரங்கணி, கொட்டகுடி வழியாக மேலே நோக்கினால், சுமார் 1,900 மீட்டர் உயரத்தில் டாப் ஸ்டேஷன் இருக்கிறது. அங்கே ரயில் இல்லை, தண்டவாளம் இல்லை, 'ஸ்டேஷன்' என்ற பெயர் மட்டும் இருக்கிறது. குரங்கணிக்கு மேலே சென்ட்ரல் ஸ்டேஷன் என்றும் ஒரு சிற்றூர் உண்டு. இப்பெயர்கள் வந்த கதை இதுதான்.

மூணாற்றின் கண்ணன் தேவன் மலைகளில் விளைந்த தேயிலையை வெளியூருக்கு அனுப்ப அக்காலத்தில் நல்ல சாலை இல்லை. ஆகவே 1902-ஆம் ஆண்டில் மூணாற்றிலிருந்து குண்டளைப் பள்ளத்தாக்கு வழியாக டாப் ஸ்டேஷன்வரை ஒரு பாதை வெட்டி, அதில் ஒரே ஒரு தண்டவாளத்தைப் பதித்தார்கள். இதற்கு ஈவிங் முறை என்று பெயர். வண்டியின் சிறு சக்கரங்கள் அந்த ஒற்றைத் தண்டவாளத்தின்மேல் ஓடும். பக்கவாட்டில் நீட்டிய அச்சின் முனையில் ஒரு பெரிய சக்கரம் இருக்கும். அது பக்கத்து மண்பாதையில் உருண்டு வரும். இழுத்தவை எருதுகள்.

டாப் ஸ்டேஷனுக்கு வந்த தேயிலைப் பெட்டிகளை அங்கிருந்து கம்பிவடத்தில் தொங்கவிட்டு, சுமார் 5 கிலோமீட்டர் கீழே கொட்டகுடிக்கு இறக்கினார்கள். அந்த இடத்தைப் 'பாட்டம் ஸ்டேஷன்' என்று அழைத்தார்கள். பிறகு சுமார் 15 கிலோமீட்டர் மாட்டு வண்டியில் போடிக்கு வந்தன. போடிக்கு ரயில் வந்தது 1928-ல்தான்.

இந்தப் பயணத்தைச் சற்று கவனியுங்கள். பள்ளத்தாக்கின் பாதையில் தண்டவாளச் சக்கரம்; செங்குத்தான சரிவில் சக்கரமே இல்லாமல் வடம்; அடிவாரத்து மண்சாலையில் பெரிய மரச் சக்கரம். தேயிலைப் பெட்டி ஒன்றுதான். நிலம் மூன்று விதமாக இருந்ததால் அதைச் சுமந்ததும் மூன்று விதமாயிற்று.

1908-ஆம் ஆண்டில் ஒற்றைத் தண்டவாளத்தை எடுத்துவிட்டு, 2 அடி அகலமுள்ள இரட்டைத் தண்டவாளச் சிறு ரயில் பாதை அமைத்தார்கள். 1924-ஆம் ஆண்டு ஜூலையில் பெருவெள்ளம் வந்தது. அது கொல்லம் ஆண்டு 1099 ஆதலால் மலையாள நாட்டார் அதைத் 'தொண்ணூற்றொன்பதாம் ஆண்டு வெள்ளம்' என்பார்கள். அவ்வெள்ளத்தில் குண்டளை ரயில் பாதை அழிந்தது. மறுபடி அதை யாரும் அமைக்கவில்லை.

இதே ஈவிங் முறையில் பஞ்சாபில் பாட்டியாலா சமஸ்தானத்தில் 1907 முதல் 1927 வரை ஒரு பாதை இயங்கியது. அங்கே கோவேறு கழுதைகள் இழுத்தன. பின்னர் ஜெர்மனியிலிருந்து நீராவி யந்திரங்களும் வந்தன. அவற்றில் ஒன்றைப் பழுதுபார்த்துத் தில்லியிலுள்ள தேசிய ரயில் அருங்காட்சியகத்தில் வைத்திருக்கிறார்கள். கல்விச் சுற்றுலாவில் தில்லி செல்பவர்கள் தவறாமல் பாருங்கள். ஒரு பக்கம் தண்டவாளம், மறு பக்கம் தரை என நம் மலையில் ஓடியது எப்படிப்பட்ட வண்டி என்பது விளங்கும்.

3. எடை யார் தலையில்?

இரண்டு சக்கரங்களில் ஒன்று இரும்பின்மேல், மற்றொன்று மண்ணின்மேல். பாரத்தை இரண்டும் சமமாகச் சுமந்தனவா? இல்லை. ஈவிங் முறையின் சூட்சுமமே அங்குதான் இருக்கிறது.

ஒரு குடத்தைக் கம்பில் கட்டி இருவர் தூக்கும்போது, குடம் யாருக்கு அருகில் இருக்கிறதோ அவருக்குத்தான் பாரம் அதிகம். இங்கும் அப்படியே. தண்டவாளத்திலிருந்து மண் சக்கரம் 200 சென்டிமீட்டர் தள்ளி இருப்பதாகக் கொள்வோம். மூட்டைகளின் எடை மையம் தண்டவாளத்திலிருந்து 10 சென்டிமீட்டர் தள்ளி இருக்கட்டும். மண் சக்கரம் தாங்கும் பங்கு 200-ல் 10, அதாவது 100-ல் 5. மீதி 95 பங்கும் தண்டவாளத்தில் இறங்கிவிடும். 1,000 கிலோ பாரத்தில் 950 கிலோவைத் தண்டவாளம் சுமக்கும். 50 கிலோ மட்டும் மண்ணில் இறங்கும். மண் சக்கரத்தின் வேலை பாரம் சுமப்பதன்று. வண்டி கவிழாமல் காப்பதே.

இதனால் எருதுகளுக்கு என்ன லாபம்? இரும்பின்மேல் உருளும் சக்கரத்துக்கு 1,000-ல் 5 பங்கும், மண்ணில் உருளும் சக்கரத்துக்கு 100-ல் 4 பங்கும் விசை தேவை என்று வைத்துக்கொண்டால்:

தண்டவாளத்தில்: 950 கிலோவுக்குச் சுமார் 5 கிலோ விசை.
மண்ணில்: 50 கிலோவுக்கு 2 கிலோ விசை.
மொத்தம்: 7 கிலோ விசை.

அதே 1,000 கிலோவை முழுவதும் மண்சாலை வண்டியில் ஏற்றினால் 40 கிலோ விசை வேண்டும். ஒரே ஒரு தண்டவாளம் எருதின் உழைப்பை ஏறக்குறைய ஆறில் ஒரு பங்காகக் குறைத்துவிட்டது.

ஆனால் பாரம் ஏற்றுகிறவர் கவனமாக இருக்க வேண்டும். மூட்டைகள் நகர்ந்து எடை மையம் தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் போய்விட்டால் மண் சக்கரம் மேலே எழும், வண்டி சாய்ந்துவிடும். எல்லா எடையையும் ஒரு பக்கம் குவித்த சைக்கிள் காரியர் எப்படி ஆடும் என்பது உங்களுக்குத் தெரியுமே!

4. பெரிய சக்கரம் எங்கே, சிறிய சக்கரம் எங்கே?

தண்டவாளத்தில் சிறு சக்கரமும் மண்ணில் பெரிய சக்கரமும் வைத்தது ஏன்? தண்டவாளம் வழவழப்பானது, அதில் கல் இல்லை. மண்பாதையில் கல் உண்டு, குழி உண்டு. கல்லின்மேல் ஏறச் சக்கரம் பெரிதாக இருக்க வேண்டும். இதை நீங்கள் படித்த பிதாகரஸ் தேற்றத்தைக் கொண்டே நிரூபிக்கலாம்.

5 சென்டிமீட்டர் ஆரமுள்ள சக்கரம் 1 சென்டிமீட்டர் உயரமுள்ள கல்லில் முட்டி நிற்கிறது. கல்லின் முனையிலிருந்து சக்கரத்தின் மையத்துக்கு ஒரு கோடு இழுங்கள். அதன் நீளம் 5. மையம் கல்லின் முனையைவிட 4 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கிறது. எனவே கிடைத் தூரம் 3. நன்கு பழகிய 3, 4, 5 செங்கோண முக்கோணம்! அச்சைக் கிடையாக இழுத்து ஏற்ற வேண்டுமானால், அந்தச் சக்கரத்தின்மேல் உள்ள எடையில் 4-ல் 3 பங்கு விசை தேவை. 60 கிலோ எடை இருந்தால் 45 கிலோ விசை.

இப்போது 25 சென்டிமீட்டர் ஆரமுள்ள சக்கரத்தை அதே கல்லில் ஏற்றுங்கள். முக்கோணம் 7, 24, 25. தேவையான விசை எடையில் 24-ல் 7 பங்கு. 60 கிலோவுக்கு 17.5 கிலோ விசையே போதும்.

மாட்டு வண்டிச் சக்கரம் ஆளின் மார்பு உயரத்துக்கு இருப்பதும், ஆஸ்பத்திரியில் கட்டிலின் சக்கரம் உள்ளங்கை அளவே இருப்பதும் இதனால்தான். முன்னது கல்லும் முள்ளும் உள்ள பாதைக்கு. பின்னது துடைத்த தரைக்கு. எந்தச் சக்கரம் நல்லது என்று பொதுவாகக் கேட்டால் பதில் கிடையாது. எந்தத் தரைக்கு என்று சேர்த்துக் கேட்க வேண்டும்.

5. பனி வண்டி பிறந்த கதை

இனி குளிர் நாட்டுக்குப் போவோம். முதலில் மனிதர் செய்தது நம் கேள்விக்கு நேர் எதிரானது: சக்கர வண்டியைப் பனியில் ஓட்டுவது. அமெரிக்காவில் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தைச் சேர்ந்த வர்ஜில் ஒயிட் என்பவர், ஃபோர்டு காரின் முன் சக்கரங்களைக் கழற்றிச் சறுக்குக் கட்டைகளை மாட்டி, பின்புறம் ஓடுபட்டை பொருத்தும் முறைக்கு 1917-ல் காப்புரிமை பெற்றார். 'ஸ்னோமொபைல்' என்ற பெயரை வைத்தவரும் அவரே.

கனடாவில் கியூபெக் மாகாணத்து வால்கூர் என்னும் சிற்றூரில் ஜோசப் அர்மாண்ட் பொம்பார்டியே என்ற யந்திர நிபுணர் இருந்தார். சிறு வயதிலிருந்தே பனியில் ஓடும் வண்டி செய்ய முயன்றவர். 1934-ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் அவருடைய இரண்டு வயது மகனுக்குக் கடுமையான வயிற்று நோய் கண்டது. சாலைகளைப் பனி மூடியிருந்தது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு செல்ல வழியின்றிக் குழந்தை இறந்தது. தந்தை மனம் தளர்ந்து உட்கார்ந்துவிடவில்லை. பல்சக்கரம் கொண்டு ரப்பர் பட்டையை ஓட்டும் அமைப்புக்கு 1937-ல் காப்புரிமை பெற்றார். ஏழு பேர் அமரும் பனி வண்டியைச் செய்து விற்றார். பனிக்காலத்தில் மருத்துவரும் நோயாளியும் தபாலும் பள்ளிப் பிள்ளைகளும் அவர் வண்டிகளில் பிரயாணம் செய்தார்கள். 1959-ல் ஸ்கி-டூ என்னும் சிறிய வண்டி வந்தது. இன்று நாம் படங்களில் காணும் பனி வண்டிகளுக்கு அது முன்னோடி.

நோயாளியைக் கட்டிலில் கிடத்தி மலையிலிருந்து தோளில் சுமந்து இறக்கிய கதைகளை உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் கேளுங்கள். பாதையும் வண்டியும் ஓர் உயிரின் விலை என்பது மலைநாட்டாருக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

6. வெறும் தரையில் பனி வண்டி ஏன் ஓடாது?

மூன்று காரணங்கள் உண்டு.

முதலாவது, ரப்பர் பட்டையின் உட்புறம் வழுக்குப் பிளாஸ்டிக் பட்டிகளின்மேல் தேய்ந்து ஓடுகிறது. உள்ளே புகும் பனித்தூளே அதற்கு எண்ணெய்போல் உதவுகிறது. பனி இல்லாவிட்டால் பட்டிகள் சூடேறி உருகத் தொடங்கும்.

இரண்டாவது, பல வண்டிகளில் எஞ்சினைச் சுற்றி வரும் நீர், வண்டியின் அடிப்பாகத்துக் குழாய்களில் பாயும். பட்டை வாரியெறியும் பனி அந்தக் குழாய்களில் பட்டு நீரைக் குளிர்விக்கும். பனி இல்லையேல் எஞ்சின் கொதிக்கும்.

மூன்றாவது, முன்புறச் சறுக்குக் கட்டையின் அடியில் உள்ள இரும்புப் பட்டை பனியைக் கீறி வண்டியைத் திருப்புவதற்காக அமைந்தது. தார்ச்சாலையில் அது தேய்ந்து போகும். வண்டியும் சொன்னபடி திரும்பாது.

ஆகவே சற்று தூரம் நகர்த்துவதென்றாலும், எஞ்சினை நிறுத்திவிட்டு அடியில் சக்கரம் கொடுப்பதே முறை.

7. வீட்டில் செய்யும் உருளும் தாங்கி

இதற்கு மூன்று தாங்கிகள் வேண்டும்: முன் சறுக்குக் கட்டைகளுக்கு ஒவ்வொன்று, பின் பட்டைக்கு ஒன்று.

முன் தாங்கி: சறுக்குக் கட்டையின் அகலத்துக்கு ஏற்ற தொட்டில் போன்ற பலகை அல்லது வளைத்த இரும்புச் சட்டம். அதன் அடியில் எப்பக்கமும் திரும்பும் காஸ்டர் சக்கரங்கள். கட்டையை அதில் வைத்து வாரால் இறுகக் கட்ட வேண்டும். கட்டாமல் தள்ளினால், சக்கரம் கல்லில் தடுத்த அக்கணமே தாங்கி பின்தங்கிவிடும். வண்டி மட்டும் முன்னே போய்த் தரையில் விழும்.

பின் தாங்கி: பட்டையின் கீழ் நுழையும் உறுதியான பலகை. அதற்குத் திரும்பாத நிலைச் சக்கரங்களையே வைக்க வேண்டும். முன்னும் பின்னும் எல்லாச் சக்கரங்களும் திரும்பினால், சிறு சரிவிலும் வண்டி பக்கவாட்டில் நழுவும். வண்டியின் பின்புறத்தைத் தூக்க ஜாக்கியோ நீண்ட நெம்புகோலோ உதவும்.

சக்கரங்கள் எவ்வளவு எடை தாங்க வேண்டும்? நான்கு சக்கரம் உள்ள பலகைக்கு, எடையை நான்கால் வகுத்தால் போதும் என்று தோன்றும். அது போதாது. மேடுபள்ளமான தரையில் நான்கு கால் நாற்காலி மூன்று காலில் நிற்பதை நாம் பார்த்திருக்கிறோம். ஆகவே எடையை மூன்றால் வகுத்து, ஒவ்வொரு சக்கரமும் அவ்வளவு தாங்குமாறு வாங்குவதே பட்டறைக்காரர் வழக்கம். அந்தப் பலகையின்மேல் 150 கிலோ இறங்குமானால், ஒவ்வொரு சக்கரமும் 50 கிலோவுக்குக் குறையாமல் தாங்க வேண்டும்.

தரை சிமெண்டு என்றால் சிறு சக்கரம் போதும். சரளைக்கல் பரப்பிய முற்றம் என்றால் காற்றடைத்த பெரிய சக்கரம் வேண்டும். காரணம் மேலே 3, 4, 5 முக்கோணத்தில் இருக்கிறது.

8. சக்கரம் கொடுத்தவர் தடையும் கொடுக்க வேண்டும்

இப்பாடத்தின் முக்கியமான பகுதி இதுவே. மலையில் வாழும் நாம் இதை மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும்.

15 அடி சென்றால் 1 அடி இறங்கும் ஒரு சரிவில் நம் 240 கிலோ பனி வண்டி நிற்கிறது. புவி ஈர்ப்பு அதைக் கீழ்நோக்கி எடையில் 15-ல் 1 பங்கு, அதாவது 16 கிலோ விசையால் இழுக்கிறது. வெறும் மண்ணில் சறுக்குக் கட்டையோடு நிற்கும்போது 120 கிலோ உராய்வு அதைப் பிடித்திருக்கிறது. எனவே அசையாது. சிறு சக்கரங்களின்மேல் ஏற்றிய மறுகணம் பிடிப்பு 7 கிலோவாகிவிடுகிறது. 16-ல் 7 போக மீதி 9 கிலோ விசை. வண்டி தானே புறப்படும். 10 மீட்டர் உருண்டபின் அதன் வேகம் மணிக்குச் சுமார் 10 கிலோமீட்டர் ஆகிவிடும். 240 கிலோ இரும்பை அந்த வேகத்தில் எவரும் கையால் நிறுத்த முடியாது.

வண்டியில் பிரேக் இருக்கிறதே என்று நினைக்காதீர்கள். பனி வண்டியின் பிரேக் ரப்பர் பட்டையை ஓட்டும் அச்சைத்தான் பிடிக்கிறது. பட்டையோ இப்போது பலகையின்மேல் சும்மா உட்கார்ந்திருக்கிறது. பிரேக்கை எவ்வளவு அழுத்தினாலும் கீழே உருளும் சக்கரங்களுக்கு அது தெரியாது. நாம் உராய்வைச் சிரமம் என்று நினைத்து நீக்கினோம். அதுவே காவலாகவும் இருந்தது என்பதைச் சரிவு காட்டிவிடுகிறது.

நம் ஒற்றைத் தண்டவாள வண்டிக்கும் இதே கணக்கைப் போட்டுப் பாருங்கள். 25-க்கு 1 இறக்கத்தில் 1,000 கிலோ பாரத்தைப் புவி ஈர்ப்பு 40 கிலோ விசையால் இழுக்கும். மண்சாலை வண்டியின் உராய்வும் 40; இரண்டும் ஈடாகிவிடும். தண்டவாள வண்டியின் உராய்வோ 7 மட்டுமே. மீதி 33 கிலோ விசை எருதுகளைப் பின்னாலிருந்து தள்ளும். சமதரையில் எருதுக்கு உபகாரம் செய்த அதே தண்டவாளம், இறக்கத்தில் அதன் குதிகாலைத் துரத்துகிறது. ஏற்றத்திலும் ஒன்றைக் கவனியுங்கள்: தண்டவாளம் உராய்வைக் குறைக்குமேயன்றி மலையைக் குறைக்காது. ஏறும்போது மண்சாலை வண்டிக்கு 80 கிலோ விசை, தண்டவாள வண்டிக்கு 47. சமதரையில் ஆறு மடங்காக இருந்த லாபம் இரு மடங்குகூட இல்லாமல் சுருங்கிவிட்டது.

ஆகவே தாங்கி செய்பவர்கள் கீழ்க்கண்டவற்றை மறக்கலாகாது:

1. குறைந்தது இரண்டு சக்கரங்களாவது காலால் பூட்டக்கூடியவையாக இருக்க வேண்டும்.
2. சரிவில் நகர்த்தும்போது மேல்பக்கத்துத் தூணிலோ மரத்திலோ கயிற்றைச் சுற்றி, ஒருவர் சிறிது சிறிதாகத் தளர்த்த வேண்டும்.
3. ஆப்புக் கட்டையோடு ஒருவர் பக்கவாட்டில் நடக்க வேண்டும். வண்டிக்குக் கீழ்ப்பக்கம் யாரும் நிற்கலாகாது.
4. நிறுத்தியபின் கட்டை வைப்பதன்று. கட்டையை வைத்தபின்பே கையை எடுப்பது.

இது பனி வண்டிக்கு மட்டும் உரிய விதி என்று எண்ண வேண்டாம். ஏலக்காய் மூட்டை ஏற்றிய தள்ளுவண்டி, காஸ் சிலிண்டர் வண்டி, பாட்டியின் சக்கர நாற்காலி எல்லாவற்றுக்கும் இதுவே விதி. முந்தலிலிருந்து போடிமெட்டுவரை 17 கொண்டை ஊசி வளைவுகள். அங்கே பழுதாகி நிற்கும் லாரியிலிருந்து கிளீனர் முதலில் குதித்து ஓடுவது எஞ்சினைப் பார்க்க அன்று. டயருக்குக் கல் வைக்கத்தான். புத்தகம் படிக்காமலேயே அவர் இப்பாடத்தை அறிந்திருக்கிறார்.

தேரோட்டத்தில் வடம் பிடிப்பவர் ஆயிரம் பேர் இருந்தாலும், சக்கரத்தின் அடியில் முட்டுக்கட்டை போடுகிறவர் கையில்தான் தேரின் போக்கு இருக்கிறது. திருவாரூர்ப் பெருந்தேருக்குத் திருச்சி பெல் நிறுவனத்தார் நீரழுத்த பிரேக் பொருத்திக் கொடுத்தபின்னும் முட்டுக்கட்டைக்காரரின் வேலை தீரவில்லை. பேச்சு வழக்கில் 'முட்டுக்கட்டை போடுகிறாள்' என்றால் காரியத்தைக் கெடுக்கிறாள் என்று பொருள் கொள்கிறோம். மலைச்சரிவில் அதே முட்டுக்கட்டை உயிரைக் காக்கிறது.

செய்து பாருங்கள்

கனமான ஒரு புத்தகத்தைப் பலகையின்மேல் வையுங்கள். பலகையின் ஒரு முனையை மெதுவாக உயர்த்தி, புத்தகம் எந்த உயரத்தில் சறுக்கத் தொடங்குகிறது என்று அளந்து குறியுங்கள். பிறகு புத்தகத்தின் கீழே நான்கு உருண்டைப் பென்சில்களைக் குறுக்காக வைத்து மீண்டும் உயர்த்துங்கள். இரண்டு உயரங்களையும் ஒப்பிடுங்கள். அந்த வித்தியாசமே சக்கரத்தின் நன்மை. அதுவே அதன் ஆபத்தும்.

சிந்தித்து விடை காணுங்கள்

1. தண்டவாளத்திலிருந்து மண் சக்கரம் 150 சென்டிமீட்டர் தள்ளி இருக்கிறது. எடை மையம் 15 சென்டிமீட்டர் தள்ளி இருக்கிறது. 800 கிலோ பாரத்தில் மண் சக்கரம் தாங்குவது எவ்வளவு?
2. 13 சென்டிமீட்டர் ஆரமுள்ள சக்கரம் 1 சென்டிமீட்டர் கல்லில் ஏற, எடையில் எத்தனை பங்கு விசை வேண்டும்? (5, 12, 13 முக்கோணத்தை நினைவுகொள்க.)
3. உருளும் உராய்வு எடையில் 100-ல் 3 பங்கு என்றால், எவ்வளவு சரிவுக்கு மேல் வண்டி தானே உருளத் தொடங்கும்?
4. உங்கள் வீட்டில் சக்கரம் உள்ள பொருள்களைப் பட்டியலிடுங்கள். அவற்றுள் தடை இல்லாதவை எவை? அவற்றுக்கு நீங்களே என்ன தடை செய்யலாம்?

(விடைகள்: 1. 80 கிலோ. 2. 12-ல் 5 பங்கு. 3. 100 அடிக்கு 3 அடி, அதாவது சுமார் 33 அடிக்கு 1 அடி. 4-வது கேள்விக்கு விடை உங்கள் வீட்டில் இருக்கிறது. பெற்றோருடன் சேர்ந்து இந்த விடுமுறையிலேயே பார்த்துவிடுங்கள்.)